ஒரு சீருடைச் சட்டை, இரண்டு ஊர்கள்: திருப்பூர் – டர்பன் நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு சட்டை தைக்க ஆகும் கூலியையும் திருப்பூரில் ஆகும் கூலியையும் அருகருகே வைத்துப் பார்த்ததும், "அங்கேயே தைத்து வரவழைத்துவிடலாம்" என்று முடிவெடுப்பவர்கள் டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நிறையப் பேர். கூலி ஒரு பகுதிதான். சாயம், சுங்கவரி, துறைமுகம், இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் இடையிலுள்ள மூன்றரை மணி நேரம் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்தால் விடை வேறாகிறது. இந்த ஆய்வு ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொண்டு, அதைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை இரண்டு ஊர்களிலும் ஓட்டிப் பார்க்கிறது.

சரக்கு இதுதான்: பள்ளிப் பிள்ளைகளுக்கான காலர் வைத்த டி-சர்ட், 20,000 எண்ணம். நூறு விழுக்காடு பருத்தி, 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) பிகே எனும் மேடுபள்ளப் பின்னல் துணி, கடல்நீலம். தென்னாப்பிரிக்காவில் பள்ளி ஆண்டு ஜனவரி நடுவில் தொடங்குவதால் சட்டை நவம்பர் நடுவிலேயே கடைக்கு வந்துவிட வேண்டும். சீருடையை முடிந்தவரை பொதுவானதாக வைக்க வேண்டும், ஒரே கடையிடம் பெற்றோரைக் கட்டிப்போடக் கூடாது என்று இந்நாட்டுப் போட்டி ஆணையம் பள்ளிகளுக்கு வலியுறுத்தி வருகிறது. அதனால் வெற்றுக் கடல்நீலச் சட்டைக்கு இப்போது மதிப்புக் கூடியிருக்கிறது. சின்னத்தைக் கடைசியில் டர்பனிலேயே எம்பிராய்டரி போட்டுக்கொள்ளலாம். கீழே வரும் ரேண்ட் விலைகள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் விலையைப் போட்டு அதே வழியில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

சாயத்தொட்டியில் தொடங்குவோம்

சட்டைக்குச் சராசரி 220 கிராம் துணி என்று வைத்தால், வெட்டுச் சேதாரமும் சேர்த்து 4,400 கிலோ தேவை. சாயமேற்றி, பின்னால் சுருங்காதிருக்க இயந்திரத்தில் அழுத்தும் காம்பேக்டிங் முடிவதற்குள் பத்துப் பன்னிரண்டு விழுக்காடு குறையும். ஆகவே 5,000 கிலோ கோரா (சாயமேறாத) துணி போட வேண்டும். 500 கிலோ பிடிக்கும் சாஃப்ட்ஃப்ளோ சாய இயந்திரத்தில் இது 10 லாட், அதாவது பத்து முறை போட வேண்டும்.

ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் என்ற விகிதத்தில் ஓட்டினால் ஒரு தொட்டிக்கு 3,000 லிட்டர். வெளுப்பு, சாயம், அலசல், சோப்பு, மறு அலசல் என்று எட்டொன்பது முறை தண்ணீர் மாற்றினால் கிலோவுக்கு 50 முதல் 55 லிட்டர் ஆகும். பத்து லாட்டுக்குமாக ஏறத்தாழ 2,75,000 லிட்டர். கடல்நீலம் அடர்ந்த நிறம் என்பதால் லிட்டருக்கு 70 கிராம் அளவில் உப்பு வேண்டும்: ஒரு லாட்டுக்கு 210 கிலோ, மொத்தம் 2,100 கிலோ. அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. முழுவதும் கழிவுநீரில்தான் போய்ச் சேரும். சாயத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் நூலில் ஒட்டாமல் வெளியே வந்துவிடும்.

இந்த இரண்டு டன் உப்பு எங்கே போகிறது என்பதில்தான் இரண்டு ஊர்களும் பிரிகின்றன.

திருப்பூரில் அது நொய்யலுக்குப் போனது. ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகி, கீழே இருந்த நிலமும் கிணறும் கெட்டன. விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர்நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறையில் ஓட்டினால்தான் பட்டறை திறக்க முடியும் என்ற நிலை வந்தது. இன்று கழிவுநீர் முதலில் உயிரியல் முறையில் சுத்திகரிக்கப்படுகிறது. பிறகு ஆர்.ஓ. சவ்வுகள் வழியாகப் போகிறது. பெரும்பங்கு நல்ல தண்ணீராகத் திரும்பச் சாயத்தொட்டிக்கு வருகிறது. மிஞ்சும் கரைசலை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிறார்கள். சமையல் உப்புக்குப் பதில் கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) போடும் பட்டறைகளில் அந்த உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்த முடிகிறது. எதற்கும் உதவாத கலப்பு உப்பு மட்டும் மூட்டை மூட்டையாகக் கூரையடியில் சேர்கிறது. அதை என்ன செய்வது என்பது இன்னும் தீராத தலைவலி. ஆவியாக்கும் செலவு முழுவதும் சாயக்கூலியில் ஏறுகிறது. இதைச் சகித்துக்கொண்ட ஊர் என்பதால்தான் திருப்பூரின் கடல்நீலத்தை மனச்சாட்சியோடு வாங்க முடிகிறது என்பது எங்கள் கருத்து. விலை மிகவும் மலிவாக வந்தால், அந்தச் சாயம் எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்த பட்டறையில் ஏறியது என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

டர்பனுக்குக் கடல் இருக்கிறது. தெற்குச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கடலுக்கடியில் நெடுந்தூரம் போகும் குழாய் கழிவைக் கொண்டுபோய் விடுகிறது. 2001-இல் அங்கே ஒரு மறுசுழற்சி ஆலையும் வந்தது. நாளொன்றுக்கு 47.5 மில்லியன் லிட்டர் கழிவுநீரைத் தொழிற்சாலைத் தரத்துக்கு ஏற்றி, மியர்பேங்க் காகித ஆலைக்கும் பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் தருவதற்காக அமைக்கப்பட்டது. ஆனால் துணிச்சாயம் அதிகமாக நடந்த ஹாமர்ஸ்டேல் கடலோரத்தில் இல்லை, பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் வழியில் உள்நாட்டில் இருக்கிறது. அங்கே நகராட்சி நிலையத்துக்கு வந்து சேரும் நிறம் நெடுங்காலமாகத் தீராத தொல்லை. உயிரியல் சுத்திகரிப்பு, பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தின் நிறத்தை அவ்வளவாக எடுப்பதில்லை, உப்பைத் தொடுவதே இல்லை. பட்டறைகள் கழிவின் அளவுக்கும் அடர்த்திக்கும் ஏற்ப நகராட்சிக்குக் கட்டணம் கட்டுகின்றன.

இதனால் சாயமேற்றும் வேலையில் டர்பன் திருப்பூரோடு போட்டி போடுவது கடினம். பின்னலாடைத் துணி பின்னி, சாயம் போட்டு, காம்பேக்டிங் முடித்துத் தரும் சங்கிலி இங்கே பல இடங்களில் அறுந்து கிடக்கிறது. டர்பனை அடுத்த நியூ ஜெர்மனியில் ஃபிரேம் குழுமத்தின் துணி ஆலைகள் ஓடிய காலம் வேறு. 1973-இல் டர்பனை உலுக்கிய வேலைநிறுத்தங்களில் அந்த ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள். டோங்காட்டில் ஒரு பெரிய துணி ஆலையை நம்பி ஒரு தலைமுறைத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தன. 1994-க்குப் பிறகு வரிச்சுவர் இறங்கியதும் வெளிநாட்டுத் துணி உள்ளே வந்தது, ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. தையல் மட்டும், பிறர் தரும் துணியை வெட்டித் தைத்துக் கொடுக்கும் சிறு சிறு சிஎம்டி கூடங்களாக மிச்சமிருக்கிறது. அந்தக் கூடங்களில் ஓவர்லாக், ஃபிளாட்லாக் இயந்திரங்களில் உட்காரும் பெண்களின் கை இன்னும் தேர்ந்த கைதான்.

கடிகாரம்

தென்னாப்பிரிக்காவில் கோடை நேரம், குளிர்கால நேரம் என்ற மாற்றம் கிடையாது, இந்தியாவிலும் இல்லை. ஆண்டு முழுவதும் திருப்பூர் டர்பனுக்கு மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. டர்பனில் காலை 8:00 என்றால் அங்கே 11:30.

இரண்டு அலுவலகங்களும் ஒன்றாகத் திறந்திருப்பது டர்பன் நேரப்படி காலை 8:00 முதல் பிற்பகல் 2:00 வரை. அதில் 9:30 முதல் 10:30 வரை அங்கே மதிய உணவு, 12:30 முதல் 1:30 வரை இங்கே உணவு. கையில் நிற்பது நாலு மணி நேரம்தான். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்) இரவு 8:30 வரை இருப்பார், இங்கே அப்போது மாலை 5:00. ஆனால் தையல் கூடம் விழித்திருந்தாலும் சாயப்பட்டறையில் முடிவெடுக்கும் ஆள் அந்த நேரத்தில் இருக்க மாட்டார்.

வாரக்கடைசி இதைவிட மோசம். டர்பனில் வெள்ளிக்கிழமை பிற்பகலே பல கூடங்கள் சாத்திவிடும், சனிக்கிழமை விடுமுறை. திருப்பூரில் சனிக்கிழமை முழு வேலை நாள், வாரச் சம்பளம் போடும் நாளும் அதுவே. வெள்ளி மதியம் டர்பன் கேட்கும் கேள்விக்குத் திருப்பூர் சனிக்கிழமை பதில் எழுதும், டர்பன் அதைத் திங்கள்கிழமை படிக்கும். அதற்குள் அங்கே இரண்டு லாட் சாயம் ஏறியிருக்கும்.

இதனால் நடக்கும் உண்மையான சேதம் ஷேடு, அதாவது நிறத்துக்கான ஒப்புதலில் தெரியும். முதல் லாட் இரவில் இறங்குகிறது. காலை 9:00 மணிக்குத் துண்டு வெட்டிப் பார்க்கிறார்கள், டர்பனில் அப்போது விடியற்காலை 5:30. "சரி" என்ற சொல் வர இன்னும் இரண்டரை மணி நேரம் ஆகும். இயந்திரத்தைச் சும்மா நிறுத்தி வைத்தால் பட்டறைக்கு நட்டம். அதனால் ஒப்புதல் வராமலேயே இரண்டாவது லாட்டைப் போட்டுவிடுகிறார்கள். முதல் லாட் சிவப்பு தட்டியிருந்தால் இரண்டாவதும் அப்படியே வரும்.

இதற்கு இரவில் கண்விழிப்பது தீர்வல்ல, அதிகாரத்தை அங்கேயே விட்டுவைப்பதுதான் தீர்வு. வேலை தொடங்குமுன் சரியான நிறம், ஏற்கத்தக்க வெளிர் எல்லை, ஏற்கத்தக்க அடர் எல்லை என்று மூன்று துண்டுகளை வெட்டி, ஒரு செட் டர்பனிலும் ஒரு செட் பட்டறையிலும் இருக்க வேண்டும். நிறமளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவியில் டெல்டா ஈ (நிற வேறுபாட்டு அளவு) 1.0-க்குள் இருந்தால் கேட்காமலே அடுத்த லாட் போடலாம், தாண்டினால் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று ஆர்டர் தாளிலேயே எழுதிவிட வேண்டும். பகல் வெளிச்ச விளக்கிலும் கடை விளக்கான டிஎல் 84-இலும் பார்ப்பது இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். கைபேசிப் படத்தில் கடல்நீலத்துக்கு ஒப்புதல் தரவே கூடாது. கறுப்புக்கும் கடல்நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் படம் எடுக்கும் கைபேசிகள்தான் அதிகம்.

லேப் டிப் (ஆய்வகத்தில் சாயமேற்றிய மாதிரித் துண்டு) கூரியரில் வந்து போக ஒரு சுற்றுக்கு ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். மூன்று சுற்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுங்கத்தில் என்ன நடக்கிறது

இந்தியாவிலிருந்து வரும் தைத்த உடைக்குத் தென்னாப்பிரிக்கச் சுங்கவரி 45%, துணிக்குப் பொதுவாக 22%. லெசோத்தோ, எஸ்வாட்டினி, மொரீஷியஸ், மடகாஸ்கர் நாடுகளில் விதிப்படி தைத்த உடைக்கு வரியில்லை. டர்பன் கடைகளில் அந்த நாட்டு லேபிள்கள் பெருகியதற்கு இதுதான் காரணம்.

கப்பலில் ஏற்றியவரை ஒரு சட்டையின் விலை 100 ரேண்ட் என்று வைப்போம். சுங்கவரி 45 ரேண்ட். வாட் 15%. ஆனால் அதை 145-க்குப் போடுவதில்லை. சரக்கு மதிப்போடு பத்து விழுக்காடு கூட்டி, அதன்மேல் வரியையும் சேர்த்து, அந்த 155-க்குப் போடுகிறார்கள்: 23.25 ரேண்ட். ஆக, துறைமுகத்தில் சரக்கை எடுக்கச் சட்டைக்கு 68.25 ரேண்ட் ரொக்கம் வேண்டும். 20,000 சட்டைக்கு 13,65,000 ரேண்ட். வாட் பதிவு உள்ளவருக்கு அந்த 23.25 பின்னால் கணக்கில் திரும்பும், ஆனால் நவம்பரில் கையில் பணம் இருந்தாக வேண்டும். முதல்முறை இறக்குமதி செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது அதே சட்டையைப் பிரித்துப் பாருங்கள். 100 ரேண்டில் சாயமேற்றிய துணியின் பங்கு 55 என்று வைத்தால், வெட்டு, தையல், பொத்தான், பேக்கிங், லாபம் எல்லாம் சேர்ந்து 45. துணியை மட்டும் கொண்டுவந்தால் வரி 12.10 ரேண்ட்தான், துணியின் அடக்கம் 67.10. தைத்துக் கொண்டுவந்த சட்டையின் அடக்கம் 145. இடையில் உள்ள 77.90 ரேண்டுக்குள் டர்பன் சிஎம்டி கூடம் வெட்டி, தைத்து, பொத்தான் போட்டு, மடித்துக் கொடுத்துவிட்டால் இரண்டும் சமம். திருப்பூரில் 45 ரேண்டுக்கு நடக்கும் வேலைக்கு இங்கே 77.90 வரை செலவழிக்க இடமிருக்கிறது. கூலியை மட்டும் ஒப்பிட்டவர் கண்ணில் படாமல் போனது இந்த இடம்தான்.

கூலிச் சட்டமும் வேறு வேறு. இங்கே பொதுச் சட்டப்படி வாரம் 45 மணி, மிகைநேரம் வாரத்துக்கு 10 மணிக்கு மேல் கூடாது, அதற்கு ஒன்றரை மடங்கு. உடைத் தொழிலுக்கு முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்த பேரப் பேச்சு மன்றம் தனியாகக் கூலி நிர்ணயிக்கிறது, நகர்ப்புறத்துக்கும் நியூகாசில் போன்ற ஊர்களுக்கும் விகிதம் வேறு. இந்தியாவில் வாரம் 48 மணி, மிகைநேரத்துக்கு இரட்டிப்பு. மன்றத்தில் பதியாத கூடத்தில் மலிவாகத் தைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். அந்த ஐந்து பத்து ரேண்ட் தையல்காரப் பெண்களின் பையிலிருந்து எடுப்பதுதான்.

லேபிளில் கவனம் தேவை. திருப்பூர்த் துணியில் டர்பனில் தைத்ததை வெறுமனே "தென்னாப்பிரிக்காவில் செய்தது" என்று போடக் கூடாது. இறக்குமதிப் பொருளைக் கொண்டு தென்னாப்பிரிக்காவில் செய்தது என்ற வாசகம் நுகர்வோர் பாதுகாப்பு விதிப்படி இருக்க வேண்டும். இழை விகிதமும் சலவைக் குறிப்பும் அதோடு சேரும். காலர் தனித்துண்டாக வருமானால், அதைத் துணி என்று ஏற்காமல் உடையின் பாகம் என்று வகைப்படுத்த வாய்ப்புண்டு. கப்பல் ஏறுமுன் கிளியரிங் ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உடைச் சரக்கில் விலை குறைத்துக் காட்டுவது அதிகம் என்பதால் சுங்கம் கொள்கலனை நிறுத்திப் பார்ப்பது வழக்கம். வங்கிப் பணம் அனுப்பிய சான்று, ஆர்டர் தாள், பேக்கிங் லிஸ்ட் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் சீக்கிரம் விடுபடும்.

கொள்கலனும் துறைமுகமும்

அட்டைப்பெட்டிக்கு 40 சட்டை, பெட்டி 60 × 40 × 30 செ.மீ. என்றால் 20,000 சட்டைக்கு 500 பெட்டி, 36 கனமீட்டர். 20 அடிக் கொள்கலனில் 27 கனமீட்டர் அளவுக்குத்தான் அடுக்க முடியும், 40 அடியில் 55. ஆகவே 20,000 என்பது கொள்கலனுக்குப் பொருந்தாத எண்ணிக்கை. 15,000 சட்டை ஒரு 20 அடியை நிரப்பும், 30,000 ஒரு 40 அடியை நிரப்பும். துணியாக வந்தால் 4,400 கிலோ ரோல்கள் ஒரே 20 அடியில் அடங்கிவிடும்.

சரக்கு பெரும்பாலும் தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் கப்பல் மாறி வருகிறது. மூன்று நாலு வாரம் வைத்துக்கொள்ளலாம். செங்கடல் வழி 2023 கடைசியில் கெட்டபோது ஐரோப்பாவுக்குப் போகும் திருப்பூர்ச் சரக்கு நன்னம்பிக்கை முனையைச் சுற்ற வேண்டியதாயிற்று. டர்பன் பாதை அதனால் நீளவில்லை. டர்பனின் தொல்லை துறைமுக வாசலில்தான். 2021 ஜூலையில் கலவரம் அடங்கிய சூட்டோடு துறைமுக நிறுவனத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் சாலை உடைந்தது, பிராஸ்பெக்டன் டொயோட்டா ஆலைக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 நவம்பரில் கப்பல்கள் வெளியே வரிசையில் நின்றன. பலத்த காற்றடித்தால் கிரேன்கள் சாதாரண நாளிலும் நிற்கும். இரண்டு வாரம் தாமதம் வரும் என்று வைத்தே தேதி போடுங்கள்.

இன்னொன்று, ஈரம். பருத்தியை அயர்ன் சூட்டோடு பாலித்தீனில் போட்டு மூடினால் கடலில் கொள்கலன் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பேக்கிங்குக்கு முன் துணியின் ஈரம் 8 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. டர்பன் அக்டோபரிலிருந்தே புழுங்கும் என்பதால் இறங்கிய பெட்டிகளைச் சுவரோரம் அடுக்காமல் பலகைமேல் வையுங்கள்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக: தென்னாப்பிரிக்க மின்வெட்டு 2023-இல் உச்சம் கண்டு, 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு பெரிதும் அடங்கியிருக்கிறது. தையலுக்கு இரண்டு மணி நேர வெட்டு வந்தால் இரண்டு மணி நேரம்தான் நட்டம். சாயத்தொட்டியில், சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் சோடா விடும்போது மின்சாரம் போனால் முழு லாட்டும் திட்டுத்திட்டாகிவிடும். தமிழ்நாட்டில் 2012 வாக்கில் இதே அனுபவம் இருந்தது. அதனால் நல்ல பட்டறைகளில் ஜெனரேட்டர் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

எங்கள் முடிவு

ஒரே ஆர்டரை இரண்டாகப் பிரிக்க வேண்டும். 15,000 சட்டையைத் திருப்பூரிலேயே தைத்து ஒரு 20 அடியில் கொண்டுவாருங்கள். எல்லா ஆண்டும் விற்கும் நடு அளவுகள் இதில் போகட்டும். மீதி 5,000 சட்டைக்கான 1,100 கிலோ துணியைக் காலரோடு சேர்த்து, மற்றவர் சரக்கோடு பகிர்ந்த கொள்கலனில் ரோலாக வரவழையுங்கள். முதல் பகுதிக்கு 45% வரி கட்டினாலும் ஒரே மூச்சில் தைக்கும் வேகம் கிடைக்கும். இரண்டாம் பகுதி, எந்த அளவு தீர்ந்துபோகிறது என்று பார்த்து வெட்டுவதற்கு. பள்ளிச்சட்டையில் பணம் முடங்குவது விற்காத அளவுகளில்தான்.

உடலும் காலரும் ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் சாயம் ஏற வேண்டும். தனித்தனியாக ஏற்றினால் சட்டை புதிதாக இருக்கும்போது ஒன்றாகத் தெரியும், ஐந்தாறு சலவையில் காலர் வேறு நீலமாகிவிடும். நீளத்திலும் அகலத்திலும் சுருக்கம் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். டர்பனில் வெட்டுமுன் ரோலைப் பிரித்து 24 மணி நேரம் தளர விடுங்கள். நேரே ரோலிலிருந்து வெட்டினால் துணி பின்னால் சுருங்கி, தைத்த சட்டை அளவு குறையும்.

தேதிகளைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கடைக்கு நவம்பர் 15. டர்பனில் இறங்குவது அக்டோபர் முதல் வாரம். தூத்துக்குடியில் ஏறுவது செப்டம்பர் முதல் வாரம். தையல் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி. சாயம் ஜூலை முதல் பாதி. நூல் ஜூன். லேப் டிப் மே. இதில் ஒரு மாதம் சறுக்கினால் தீபாவளியில் போய் மோதும். வெளிமாவட்டத் தொழிலாளர்கள் போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனால் கூடம் பழையபடி நிரம்ப வாரக்கணக்கில் ஆகும்.

டர்பன் பக்கத்திலும் ஒரு சுவர் உண்டு. டிசம்பர் நடுவில் தையல் கூடங்கள் ஆண்டு விடுமுறைக்கு மூடி, ஜனவரியில்தான் திறக்கும். சீருடை விற்பனை கொழிப்பது சரியாக அந்த வாரங்களில். அதனால் ரோலில் உள்ள துணியில் முக்கால் பங்கை நவம்பர் கடைசி விற்பனையைப் பார்த்து வெட்டி, டிசம்பர் 10-க்குள் தைத்து முடித்துவிடுங்கள். மீதிக் கால் பங்கு, பள்ளி திறந்த பிறகு வரும் பெரிய அளவுக் கேட்புக்கு. ரோல்களை நிறுத்தி வைக்காமல் படுக்கவைத்து, ஒவ்வொன்றிலும் லாட் எண் தெரியும்படி அடுக்குங்கள். ஒரு சட்டையின் முன்பக்கமும் கையும் இரண்டு லாட்டிலிருந்து வெட்டப்பட்டால் அதைச் சரிசெய்ய இரண்டு ஊரிலும் வழியில்லை.